வலப்பக்கத்துக் கட்டைகள்

திருப்பதியிலிருந்து அக்கா போன் செய்தபோது நான் சித்தூரில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பல வருடம் பாடியவர். முழங்கால் வலி வந்து மேடையில் நிற்க முடியாமல் போன பிறகு, மலைப்பாதை தொடங்கும் அலிபிரிக்குப் பக்கத்தில் தன் வீட்டு மாடியறையிலேயே பக்திப் பாட்டுகள் பாடிப் பதிவு செய்து இணையத்தில் போட்டுவந்தார். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று மாறி மாறி வரும். அவற்றுக்கு நான் சித்தூரில் இருந்தபடியே கீபோர்டு வாசித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கல்யாணங்களுக்கு டிஜே வைக்கத் தொடங்கிய பிறகு ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அக்காவின் பாட்டுகள்தான் என்னை இன்னும் வாசிப்பவனாக வைத்திருந்தன.

"தம்பி, போன பாட்டுல மேல கொஞ்சம் குத்துதுப்பா," என்றார்.

"இன்னாக்கா? சிக்னல் சரியில்ல, மறுபடி சொல்லுங்க."

"குத்துது, குத்துது. மணிச் சத்தம் காதுல வந்து குத்துது. உன் கீபோர்டு பழசாயிடுச்சி போல. ஒண்ணு பண்ணு, இனிமே சத்தமா அனுப்பாதே. மிடியா அனுப்பு. இங்க ரெக்கார்டிங் பாக்கறவரு அதுக்கு நல்ல சத்தமா மாத்திக்குவாரு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கீபோர்டு ஆர்கெஸ்ட்ரா நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. வேனின் கூரையில் கட்டி, மழையில் நனைந்து, கோயில் திருவிழாக்களில் விபூதியும் பன்னீரும் பட்டு, அதன் வெள்ளைக் கட்டைகள் பழுப்பாகிவிட்டன. இருந்தாலும் ஒரு கட்டைகூட ஊமையாகவில்லை. குறை சொன்னால் அதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்மேல் குறை இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

மிடி என்றால் என்ன என்று மேடைக்காரர்கள் எல்லோருக்கும் மேலோட்டமாகத் தெரியும். அதில் கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குச் சத்தம் போகாது. எந்தக் கட்டையை அழுத்தினோம், எவ்வளவு பலமாக அழுத்தினோம், எப்போது விரலை எடுத்தோம் என்ற செய்தி மட்டும்தான் போகும். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எந்த வாத்தியத்தின் சத்தத்தை வேண்டுமானாலும் எழுப்பும். என் கீபோர்டின் பின்பக்கம் அதற்கான உருண்டைத் துளைகள் இரண்டு இருந்தன. இத்தனை வருடத்தில் அவற்றில் எதையும் சொருகியதில்லை. உள்ளே நூலாம்படை கட்டியிருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் துடைத்தேன்.

ஒரு முனையில் கம்ப்யூட்டருக்கான யூஎஸ்பி, மறு முனையில் இரண்டு உருண்டை பின்கள் என்று ஒரு கேபிள் வரவழைத்தேன். ஒரு பின்னில் 'இன்' என்றும் இன்னொன்றில் 'அவுட்' என்றும் எழுதியிருந்தது. கீபோர்டின் துளைகளிலும் அதே எழுத்துகள். 'இன்'னை 'இன்'னிலும் 'அவுட்'டை 'அவுட்'டிலும் சொருகினேன். வேறென்ன செய்வான் ஒருவன்? கேபிளின் நடுவிலிருந்த சிறிய பெட்டியில் விளக்கு எரிந்தது. பதிவு செய்யும் சாஃப்ட்வேரைத் திறந்து, புதிய ட்ராக் போட்டு, சிவப்பு வட்டத்தை அழுத்தி வாசித்தேன். கோடு ஓடியது, ஆனால் ட்ராக் காலியாகவே கிடந்தது. டிரைவரை மாற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். செட்டிங்ஸில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பின்களை மாற்றிச் சொருகியதும் பெட்டியில் இன்னொரு விளக்கு, நான் கட்டையை அழுத்தும்போதெல்லாம் கண் சிமிட்டியது. கீபோர்டிலிருந்து வெளியே போவது கேபிளுக்கு உள்ளே வருவது என்ற சின்ன விஷயம் எனக்குப் புரிய அரை நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகும் தொல்லைகள் இருந்தன. ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு சத்தம் வந்தது. கீபோர்டின் சொந்தச் சத்தம் ஒன்று, கம்ப்யூட்டரின் சத்தம் ஒன்று. கீபோர்டின் வால்யூமை அடியோடு குறைத்தேன். அப்புறம் கம்ப்யூட்டரின் சத்தம் விரலுக்குப் பின்னால் தாமதமாக வந்தது. கிணற்றில் கல் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி. அதற்கும் ஒரு டிரைவர் தேடிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் சரியாகி, அக்கா அனுப்பியிருந்த புதுப் பாட்டின் இடையிசையை மணிச் சத்தத்தில் வாசித்துப் பதிவு செய்தேன். முடிந்ததும் திரையில் என் வாசிப்பு கோடுகோடாக விரிந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு சிறிய பட்டை. மேலே போகும் ஸ்வரம் மேலே, கீழே வருவது கீழே. அவற்றுக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நின்றது. எவ்வளவு பலமாகத் தட்டினேனோ அவ்வளவு உயரம். இத்தனை காலம் காற்றில் கரைந்துபோனது இப்படி வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

குச்சிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்த வேலிபோல் இருந்தன. கீழ் ஸ்வரங்களுக்கு அளவான குச்சிகள். ஸ்வரம் மேலே ஏற ஏற குச்சியும் வளர்ந்தது. உச்சியில் இருந்தவையெல்லாம் கட்டத்தின் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு மேல் பலமே கிடையாது என்கிற அளவு. மணியை அப்படியா அடிப்பார்கள்? மெதுவாகத் தடவிவிட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

கீபோர்டுதான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். வலது கைப் பக்கம்தான் மேடையில் அதிகம் உழைத்தது. கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் அழுத்தத்தைத் தப்பாகக் காட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறந்து, ரப்பர் பட்டையை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்து, திரும்பப் பூட்டினேன். மறுபடி வாசித்தேன். மறுபடியும் அதே வேலி.

என் மனைவி சமையலறையில் இருந்தாள். அவள் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். கூழ் அடைத்த டின்களின் மூடியைச் சின்னக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்து மூடி சரியாகப் பிடித்திருக்கிறதா, உள்ளே காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்கிற பிரிவு. வேறு கை தட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க அவளைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் வா. இத வாசி."

"நானா? தொட்டாலே கெட்டுப் போயிடும்னு சொல்லுவீங்க."

"சும்மா தட்டு. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒண்ணொண்ணா."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே ஒரு விரலால் தட்டிக்கொண்டு போனாள். டின் தட்டுகிற அதே சீரான தட்டல். திரையில் குச்சிகள் வந்தன. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஒரே மட்டமாக வெட்டிவிட்ட வேலிச்செடி மாதிரி.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடைசிக் கட்டைக்கு வந்துவிட்டாள்.

"அத இன்னொரு வாட்டி தட்டு," என்றேன்.

தட்டினாள்.

"அழுத்தித் தட்டு."

"அழுத்திக்கினு தானே இருக்கேன். கேக்கலயா?"

எனக்குக் கேட்டதெல்லாம் கட்டை அடிப்பலகையில் மோதுகிற டக் என்ற சத்தம் மட்டும்தான். அவள் போய் ஃபேனை நிறுத்தினாள். தெருவில் யாரும் இல்லாத நேரம். திரும்ப வந்து உட்கார்ந்தாள். இந்தமுறை திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். கடைசிக் கட்டையைத் தட்டினாள். அதற்கு முந்தையதைத் தட்டினாள். ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்தாள். ஒரு இடத்தில் மெல்லிசாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கண்ணாடி டம்ளரை வைத்த மாதிரி ஒன்று கேட்டது. நான் கையைத் தூக்கினேன். அவள் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கட்டையின்மேல் ஒட்டினாள்.

பொட்டுக்கு வலப்பக்கம் இருந்த கட்டைகளையெல்லாம் நான் இத்தனை நாளாக நினைப்பிலிருந்துதான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விரலுக்கு இடம் தெரியும். மனதுக்கு ஸ்வரம் தெரியும். காது கேட்டதாக மனமே சொல்லிக்கொண்டு, போதவில்லை என்று விரலை ஓங்கி அடிக்க வைத்திருக்கிறது.

அவள் பொட்டில்லாத நெற்றியோடு என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ, நான் கூப்டப்பல்லாம் நீங்க வேணும்னு பேசாம இல்லயா?"

"எப்போ?"

"எப்பவுந்தான். அந்த ரூம்ல இருந்து கூப்டுவேன், திரும்ப மாட்டீங்க. குக்கர் கத்திக்கினு இருக்கும், பக்கத்துலயே உக்காந்துக்கினு இருப்பீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கினே படுப்பேன், நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்குவீங்க. மேடை போச்சி, எம்மேலயும் மனசு விட்டுப் போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

காது கேட்காதது ஒருவனுக்கு நேர்கிற விபத்து. அதன் பெயரே தெரியாமல், பக்கத்தில் படுத்திருக்கிறவள், தன்னை இவன் வேண்டாம் என்று நினைத்துவிட்டான் என எண்ணிக்கொண்டு வருடக்கணக்கில் ஒரு வீட்டில் சமைத்துப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் எழுந்து ஃபேனைப் போட்டாள்.

"சோறு ஆறுது. வந்து துன்னுங்க," என்றாள். அதை எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அந்தக் குரல் உயர்வு கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். அவளும் வருகிறேன் என்றாள். மாம்பழ சீசன், ஃபேக்டரியில் லீவு தரமாட்டார்கள். தனியாகவே போனேன். காது பரிசோதனை செய்கிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் பரிசோதிக்கிற பெண். "வினபடிதே நொக்கண்டி," என்றாள் தெலுங்கில். கேட்டால் அழுத்த வேண்டும். கதவு மூடியது. முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. அழுத்தினேன். பிறகு கூர்மையான சத்தங்கள் வந்தன. பிறகு எதுவும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல் மட்டும் மெஷினில் நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் எனக்கு ஏதோ அனுப்பிக்கொண்டிருக்கிறாள், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பரீட்சையில் எழுத எதுவும் இல்லாமல் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாணவன்போல் இருந்தது.

வெளியே வந்ததும் ஒரு காகிதத்தைக் காட்டினாள். இரண்டு கோடுகள் கொஞ்ச தூரம் சமமாக வந்து, பிறகு மலையிலிருந்து இறங்குவதுபோல் வலப்பக்கம் சரிந்தன. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஆர்கெஸ்ட்ரா என்றேன். ஸ்பீக்கருக்கு எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்றாள். பக்கத்திலேயே என்றேன். சின்ன வயதில் மெஷின் சத்தம் உள்ள இடத்தில் இருந்தீர்களா என்றாள்.

நான் பிறந்தது நகரியில். நைனா, அதாவது அப்பா, பவர்லூம் ஓட்டினார். தறிக் கொட்டகைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தறிகளின் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன், அங்கேயே தூங்கியும் போவேன். எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். நைனாவிடம் பேசும்போது முகத்துக்கு நேராக நின்று வாயைப் பெரிதாகத் திறந்து பேச வேண்டும். தறி ஓட்டுகிற எல்லா வீடுகளிலும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் வியாதி என்று சொல்லவில்லை. அந்தச் சத்தம் பிடிக்காமல்தான் நான் பாட்டுப் பக்கம் ஓடினேன். ஓடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆளுயர ஸ்பீக்கர்களின் ஓரத்தில் நின்றேன்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. "நகரி," என்றேன். அவள் புரிந்துகொண்டு தலையை ஆட்டினாள். போனது திரும்பி வராது, காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகக் கேட்கும், பாட்டு மட்டும் முன்பு மாதிரி இருக்காது என்று மிகப் பொறுமையாகச் சொன்னாள். மேடை வேண்டாம் என்றாள். அதையும் பொறுமையாகத்தான் சொன்னாள்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். மலைக்கு நடந்து போகிறவர்கள் பைகளோடு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கோவிந்தா கோவிந்தா என்று வாய்கள் திறந்து மூடின. அந்தக் கூட்டுக் குரலின் அடிப்பகுதி மட்டும் எனக்கு வந்தது. இவ்வளவு நாளும் அதைத்தான் முழுக் குரல் என்று நினைத்திருந்தேன் போல.

அக்கா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதிர்ச்சி எதுவும் அவர் முகத்தில் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும், இல்லக்கா?"

"மொதல்ல கீபோர்டு கோளாறுன்னுதாம்பா நெனச்சேன். அப்புறம் நீ போன்ல பேசறப்பவே தெரிஞ்சி போச்சி. நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்லிக்கினு இருந்தே. எப்பப் பாத்தாலும் சிக்னல்மேல பழி."

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ வாசிக்கறத விட்டுடுவே. உன் பாட்டுங்கள நாங்க இங்க கொறச்சிக் கொறச்சிதான் வெச்சிக்கினு இருந்தோம். சத்தமா வந்தா ஒரு அளவுக்கு மேல கொறைக்க முடியல. மிடின்னா ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியா எறக்கிடலாம்னு ரெக்கார்டிங் பாக்கறவரு சொன்னாரு. அதான் கேட்டேன்."

ஆக, என் பழைய கீபோர்டுக்கு நல்ல சத்தம் போடுவதற்காக இல்லை. என் விரல்களின் தப்பை யாருக்கும் தெரியாமல் திருத்துவதற்காக. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அன்போடுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து என் குச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிற காட்சியை நினைத்தபோது முகம் எரிந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காரு," என்றார் அக்கா. "எனக்கு மட்டும் என்னவாம்? மேல போனா தொண்டை நிக்க மாட்டேங்குது. மேடையில பாடுன ஸ்ருதியில இப்போ ஒரு பாட்டு என்னால பாட முடியாது. கீழ எறக்கிப் பாடிட்டு அப்படியே போட்டுடறேன். கேக்கறவங்களுக்குத் தெரியுமா? பக்தின்னு நெனச்சிக்கினு கேக்கறாங்க." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "சரே, விடு. காப்பி குடிச்சிட்டுப் போ."

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். காது என்று சொல்லாமல் கைவலி என்று சொன்னேன். கைவலி என்றால் மேடைக்காரர்கள் மரியாதையோடு கேட்பார்கள். அப்படியா, உடம்பைப் பாத்துக்கோ என்றார் நடத்துகிறவர். ஒரு தடவைகூடத் தடுத்துப் பேசவில்லை. அங்கேயும் தெரிந்திருக்கிறது.

காது மிஷின் வந்தது. பரிசோதித்த பெண் சொன்னது சரிதான். பேச்சு கேட்டது. கடைக்காரர், பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு டிவி என்று எல்லாம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் உடம்பைக் கூசவைத்தது. மிஷினோடு கீபோர்டில் மணியை வாசித்துப் பார்த்தேன். பொட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வரத்தான் செய்தது. ஆனால் அது மணி இல்லை. தகர மூடியில் ஸ்பூன் விழுகிற சத்தம். எந்தக் கட்டையைத் தட்டினாலும் அதே ஸ்பூன். கழற்றி வைத்துவிட்டேன்.

கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கீழே இறக்கிப் பாடுகிறேன் என்று அக்கா சொன்னது மட்டும் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை, மனைவி வேலைக்குப் போன பிறகு, அக்காவின் பாட்டைத் திறந்து அதே இடையிசையை வாசித்தேன். இந்தமுறை எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி கீழே, பொட்டுக்கு இந்தப் பக்கத்திலேயே. எனக்குக் கேட்டது. கேட்டதால் விரல் அடங்கியது. எங்கே தடவ வேண்டும், எங்கே கொஞ்சம் ஊன்ற வேண்டும் என்பது தானாக வந்தது. பதிவு முடிந்து திரையைப் பார்த்தேன். குச்சிகள் அளவாக, ஏறி இறங்கி நின்றன. பிறகு எல்லாப் பட்டைகளையும் மவுஸால் வளைத்துப் பிடித்து, அப்படியே ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வைத்தேன். அழுத்தம் மாறவில்லை, நேரம் மாறவில்லை. மணி தன் இடத்துக்குப் போய்விட்டது. ஓடவிட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. திரையில் ஓடும் கோடு பட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை அவள் வந்ததும் போட்டுக்காட்டினேன். கைப்பையைக்கூட இறக்காமல் நின்று கேட்டாள்.

"குத்துதா?"

"இல்ல."

"நெசமா சொல்லு."

"இல்லங்க. நல்லா இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "அழுவை வர மாதிரி இருக்கு," என்றாள்.

அக்காவுக்கு அனுப்பினேன். எதையும் இறக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டோம் என்று மெசேஜ் வந்தது. நான் இரண்டு மூன்று தடவை அதைப் படித்தேன். உண்மையா, இதுவும் அன்பா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. இனி எதையும் யாரோ சொல்லித்தான் நம்ப வேண்டும். அதற்குப் பிறகு அக்காவுக்கு இப்படித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டுகள் முன்பு போல் அடிக்கடி வருவதில்லை. அவருடைய தொண்டை ஒத்துழைக்கிற நாட்களில் வரும்.

வீட்டில் நிலைமை நல்லதாகியிருக்க வேண்டும். அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் இப்போது கத்துவதில்லை. எழுந்துவந்து, தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று சொல்கிறாள். ஆனால் எழுந்துவந்து சொல்லும் அளவுக்கு இல்லாத விஷயங்கள் ஒரு வீட்டில் எத்தனை இருக்கின்றன! வெயில் இப்படிக் கொளுத்துதே, எதிர்வீட்டுப் பூனை வந்து எட்டிப் பார்க்குது, இந்தத் தக்காளி எவ்வளவு சிவப்பு என்பவையெல்லாம். அவற்றை அவள் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். சில சமயம் அவள் வாய் அசைந்து, நான் "இன்னா?" என்றால், "ஒண்ணுமில்ல" என்கிறாள். அது உண்மையிலேயே ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். அந்த ஒன்றுமில்லாதவைதான் எனக்கு வேண்டியிருக்கின்றன என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன மாதம் குடிபாலாவில் அவள் தங்கை வீட்டில் காதுகுத்து. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். கூட்ட இரைச்சல் தாங்காமல் நான் மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். டீக்கடையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். திடீரென்று அதில் அக்காவின் குரல் வந்தது. அந்தப் பாட்டுதான். டீக்கடைக்காரர் அதைக் கவனிக்காமல் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்து குரல் நின்றது. அடுத்தது நான். தபேலாவின் அடி மட்டும் காதில் விழுந்தது. அதற்கு மேலே இருந்த இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் டம்ளரைப் பிடித்தபடி ஸ்பீக்கரின் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி என் கையைத் தொட்டாள். நான் திரும்பிப் பார்த்ததும் ஸ்பீக்கரைக் கண்ணால் காட்டி உதட்டை அசைத்தாள்.

"வருது."

நான் தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் சரணத்தை எடுத்தது. குடிபாலா பஸ் உள்ளே நுழைந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சீட்டு பிடிக்க முன்னால் ஓடினாள்.